பசி மறந்த மண்

பனிமலை தேயிலை எஸ்டேட்டின் ஐந்தாம் டிவிஷனில், கூலிக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குள் மண் முதன்முதலாக நுழைந்தது தை மாதத்தில், உறைபனி விழுந்து கொழுந்தெல்லாம் கருகிக் கிடந்த வாரத்தில், பவளத்தின் கைப்பிள்ளை தர்ஷினி குப்புற விழப் பழகிய மறுநாள். காலையில் எழுந்து தூளியை விலக்கியவள், அதற்கு நேர் கீழே, சிமெண்ட் தரையின் நடுவில், ஒரு கைப்பிடி கறுப்பு மண் ஈரமாக உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். யாரும் கொண்டுவந்து போட்ட மண் அல்ல, காலில் ஒட்டி வந்ததும் அல்ல, ஏனென்றால் துடைப்பத்தால் கூட்டினால் அது போகவில்லை, கரண்டியால் சுரண்டினால் சுரண்டிய இடத்தில் மறுபடியும் ஊறி நின்றது. மண்ணெண்ணெய் விளக்கை அதன் அருகே கொண்டுபோனபோது, பசித்தவன் பக்கத்து இலையைப் பார்ப்பதுபோல அந்த மண் விளக்கைப் பார்த்தது என்றுதான் சொல்லவேண்டும். சுடர் அதன் பக்கமாகச் சாய்ந்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு நிமிர்ந்தது. பவளம் பிள்ளையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தாள். அடுத்த வீட்டு ராக்காயி ஏற்கெனவே வெளியே நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் வந்துருச்சா?" என்றாள் ராக்காயி, வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு. "எனக்கு அடுப்படியில."

"தூளிக்கு அடியில வந்திருக்குக்கா."

"எங்க வந்தா என்னா? மண்ணுதான."

அவ்வளவுதான் பேச்சு. அந்த லைன் ஆட்கள் எதற்கும் எளிதில் வாய் பிளக்கமாட்டார்கள். அவர்களுடைய அப்பன் ஆத்தாமார் இலங்கையில் பிறந்து, அங்கேயே தேயிலை பறித்துக்கொண்டிருந்தபோது, உங்கள் ஊர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று யாரோ சொல்லிக் கப்பலில் ஏற்றி, அவர்கள் கனவில்கூடப் பார்த்திராத இந்த மலையுச்சியில் கொண்டுவந்து இறக்கி, இதுதான் உங்கள் ஊர் என்று சாவியைக் கையில் கொடுத்ததிலிருந்து, ஆச்சரியப்படும் வேலையை அவர்கள் விட்டுவிட்டார்கள். காட்டெருமை வந்து உப்புச் சாடியை நக்கிப் போயிருக்கிறது, கரடி வந்து பிறந்தநாள் கேக்கைத் தின்றிருக்கிறது. இப்போது மண் வந்திருக்கிறது, வந்தது இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள்.

மேஸ்திரி செல்லையா, லைனுக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் தலைவர், எஸ்டேட் மேனேஜர் தொரையிடம் கேட்டு அரை மூட்டை சிமெண்ட் வாங்கி எல்லா வீட்டு மண்ணையும் பூசி மூடினார். மறுநாள் காலை சிமெண்ட் அப்பளம்போல் விண்டு கிடந்தது, மண் அதன் மேல் உட்கார்ந்திருந்தது. ராக்காயி தன் வீட்டு மண்ணுக்குக் குங்குமம் வைத்தாள். குங்குமத்தை அது தொடவில்லை. கொஞ்ச நாளிலேயே லைன் அதற்குப் பழகிப்போயிற்று. மண்ணைத் தாண்டாதே, சுற்றிப் போ என்று பிள்ளைகளை அதட்டினார்கள். வாசற்படியில் வந்த மண் ஆகாது, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வந்தால் யோகம் என்று பலன் சொல்ல ஆள் கிளம்பிவிட்டார்கள். கீழ் டிவிஷனிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், பெண்ணைப் பார்த்த கையோடு, உங்கள் வீட்டு மண் எங்கே இருக்கிறது என்று கேட்டு எட்டிப் பார்த்துவிட்டே காபி குடித்தார்கள்.

பயந்தது பவளம் ஒருத்திதான். காரணம், அது என்ன மண் என்று லைனில் அவளுக்கு மட்டுமே தெரியும், தெரிந்தது பாதிதான் என்றாலும்.

லைனுக்குக் கீழே, தேயிலை முடிகிற இடத்தில், பெரிய சதுப்பு ஒன்று உண்டு. மாடு இறங்கினால் வயிறு வரை புதையும், கோடையிலும் காயாது, மேலே பாசியும் கோரைப்புல்லும், அடியில் எந்தக் காலத்திலோ செத்து மக்கிய மரமும் இலையும் மிருகமும் கறுப்புக் களியாகிக் கிடக்கும். தேயிலை நடக்கூடிய ஓரடி நிலத்தையும் செத்தவர்களுக்குத் தர எஸ்டேட்டுக்கு மனம் வராததால், லைன்காரர்கள் தங்கள் பிணங்களை அந்தச் சதுப்பின் கரையில்தான் புதைத்து வந்தார்கள். பவளத்தின் மூத்த பெண் சுகந்தியும் அங்கேதான் கிடக்கிறாள். போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், இதே தை மாதத்தில், ஒரு உறைபனிக் காலையில், இதே குப்புற விழுகிற வயசில், தூளிக்குள் மூச்சில்லாமல் கிடந்தாள். உடம்பில் சூடு இருந்தது, மூச்சு மட்டும் இல்லை. டிஸ்பென்சரியில் பனி என்றார்கள். சாமியாடி கண்ணேறு என்றான். பவளத்துக்கு எந்தப் பதிலும் போதவில்லை.

தர்ஷினி வயிற்றில் இருந்த சமயத்தில்தான் சமவெளிக் காலேஜிலிருந்து ஹேமலதா என்ற பெண் மண் ஆராய்ச்சிக்கு வந்தாள். லைனில் அவளுக்கு மண்ணு டீச்சர் என்று பெயர். அவளுடைய பெட்டிகளைச் சதுப்புக்குத் தூக்கிப்போக பவளத்தைக் கூலிக்கு அனுப்பினார்கள். டீச்சர் சதுப்பின்மேல் வெள்ளை வாளிகளைக் கவிழ்த்து வைத்து, வாளியின் முதுகிலுள்ள ஓட்டையில் ஊசியைச் செருகி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிச் சின்னச் சின்னப் புட்டிகளில் அடைத்தாள். லைன் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

"என்னா டீச்சர், காத்துக்கு ஊசி போடுறீங்க?" என்று பவளமும் கேட்டாள்.

"போடல பவளம், எடுக்குறேன்" என்றாள் டீச்சர். "கீழ மக்கிக் கெடக்குறதெல்லாம் ஒரு வாயுவா மாறி மேல ஏறி வரும். மீத்தேன்னு பேரு. மேல இருக்கிற இந்த மண்ணுல கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிருங்க கோடிக்கணக்குல இருக்கு. அதுங்க அந்த வாயுவை வழியிலயே தின்னுடும், வெளிய விடாது."

"இந்தக் குளுருலயா?"

"குளிர்லதான். உலகத்தோட வடக்குக் கோடியில நிலமே உறைஞ்சு கிடக்கும், மரம்கூட முளைக்காது. அங்கயும் இதே மாதிரிதான், மண்ணு உக்காந்து தின்னுட்டே இருக்கு. அது தின்னலைன்னா நம்ம கதி அவ்வளவுதான்."

பவளம் சுகந்தியின் மேட்டுக்குப் பக்கத்தில்தான் பெட்டியை இறக்கி வைத்திருந்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள், "அது பசிச்சா வேற என்னா திங்கும் டீச்சர்?"

"வேற எதுவும் திங்கத் தெரியாது அதுக்கு."

பவளம் இதை நம்பவில்லை. பசி என்னவென்று அவளுக்குத் தெரியும். பசித்த வயிறு எனக்கு இதுதான் வேண்டும் என்று அடம் பிடித்ததை அவள் எந்தக் காலத்திலும் பார்த்ததில்லை. டீச்சர் ஊருக்குப் போகும்போது மேஸ்திரியிடம் இன்னொன்றும் சொன்னாள்: உரம் போடுறப்போ யூரியா சதுப்புல சிந்தாமப் பாத்துக்கோங்க, யூரியா பட்டா அந்த உயிருங்க திங்கிறதையே மறந்துடும். மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டு மறந்துபோனார். பவளம் மறக்கவில்லை.

ஆகவே தூளிக்கு அடியில் அந்த மண்ணைக் கண்ட கணமே, மூத்தவளின் மூச்சைத் தின்றது யார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. ருசி கண்ட இடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. தூளியை அவிழ்த்து ஜன்னல் பக்கமாகக் கட்டினாள்; விடிந்தபோது மண் ஜன்னல் பக்கமாக வந்திருந்தது. கட்டிலில் தன்னோடு போட்டுக்கொண்டாள். மண் கட்டிலுக்கு அடியில் வந்தது. வேலைக்குப் போகும்போது அவளைப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கும் பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் அந்தக் கொட்டகையில், ஆயாவிடம் கொடுத்தாள். மத்தியானம் பால் கொடுக்க ஓடிவந்து பார்த்தால், அத்தனை தூளி தொங்கும் இடத்தில் தர்ஷினியின் தூளிக்கு அடியில் மட்டும் கறுப்பாக ஈரம். அன்றோடு வேலைக்குப் போவதை நிறுத்தினாள். பயம் அவளுடைய சோற்றிலும் தூக்கத்திலும் கலந்துவிட்டது. பிள்ளையின் மூக்குக்கு முன்னால் புறங்கையை வைத்து மூச்சு படுகிறதா என்று பார்ப்பதே அவளுக்கு முழுநேர வேலையாயிற்று.

"எல்லார் வூட்டுலயும்தான் இருக்கு புள்ள" என்றான் அவள் புருஷன் தருமராசு, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டே. "யாருக்கு என்னா ஆச்சு?"

"யாருக்கும் எதுவும் ஆக வேணாம். நமக்குத்தான் ஏற்கெனவே ஆயிருச்சே."

"அதுக்கும் இதுக்கும் ஏன் முடிச்சுப் போடுற?"

"இன்னொண்ணக் குடுக்கமாட்டேங்க நான்" என்றாள் பவளம். கத்தி ஏற்கெனவே தீட்டியாயிற்று, ஆனாலும் தருமராசு தீட்டிக்கொண்டே இருந்தான்.

மறுநாள் பவளம் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு உர ஸ்டோரைக் கூட்டும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மூட்டைகளின் இடுக்கில் சிந்திக் கிடந்த யூரியாவைக் கூட்டி அள்ளி மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தேயிலைத் தூரில் வீசுகிற அதே வீச்சில், மணிக்கட்டைச் சுழற்றி, தூளிக்கு அடியிலிருந்த மண்ணின்மேல் ஒரு பிடி வீசினாள். மண் சிலிர்த்தது. பிறகு மெல்ல மெல்ல வெளுத்து, பொழுது சாய்வதற்குள் சாதாரணப் புழுதியாகி, துடைப்பத்துக்கு அடங்கிப் போய்விட்டது. அன்றுதான் பவளம் வயிறாரச் சாப்பிட்டாள்.

நல்ல செய்தி லைனில் தங்காது. ராக்காயி வந்து பார்த்துவிட்டு எனக்கும் ஒரு பிடி கொடு என்றாள். அவளுக்குக் கொடுத்ததும் எதிர் வரிசை வந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொன்ன வாய்களெல்லாம், உண்மையில் எங்களுக்கும் உள்ளூரப் பயம்தான் என்று இப்போது ஒத்துக்கொண்டன. வீட்டை முடித்தவர்கள் வீட்டோடு நிற்கவில்லை. களையைக் கிள்ளாதே, வேரோடு பிடுங்கு என்று காலமெல்லாம் பழக்கப்பட்ட கைகள் அவை. மண் வந்தது சதுப்பிலிருந்து, அதனால் சதுப்பையே கவனித்துவிட வேண்டும் என்று மேஸ்திரி செல்லையா ஸ்டோரைத் திறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, இடுப்பில் சாக்கு மடி கட்டிய பெண்கள் உரம் போடும் நாளில் நிற்பதுபோலவே கரையில் வரிசையாக நின்று, மேஸ்திரி குரல் கொடுக்கக் கொடுக்க ஒவ்வொரு அடியாக முன்னேறி, ஒரு திட்டு விடாமல் யூரியாவை வீசிக்கொண்டு போனார்கள். அவ்வளவு ஒழுங்காக அந்த டிவிஷனில் தேயிலைக்குக்கூட உரம் போட்டதில்லை. புதைகுழிகள் இருந்த கரையை மட்டும் விட்டுவிட்டார்கள், செத்தவர்கள் தலையில் உரம் வீச யாருக்கும் கை வரவில்லை.

மண் தின்பதை மறந்தது.

முதலில் குளிர் போயிற்று. தை மாதத்து விடிகாலையில் புல்மேல் வெள்ளையாகப் படியும் உறைபனி அக்கம்பக்கத்து எஸ்டேட்டெல்லாம் படிந்தது, ஐந்தாம் டிவிஷனில் மட்டும் படியவில்லை. தரை வெதுவெதுப்பாக இருந்தது, பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடின, கருகிய செடியெல்லாம் துளிர்க்க, தொரை கணக்குப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அடுப்பில் ஒரு சுள்ளி வைத்தால் மூன்று சுள்ளிக்கு எரிந்தது. நல்ல காலம் வந்துவிட்டது, பவளத்தின் கைராசி என்று பேசிக்கொண்டார்கள். பவளமும் சிரித்தாள், என்றாலும் அந்தச் சூடு அவளுக்குப் பிடிக்கவில்லை, யாரோ எழுந்துபோன பாயில் உட்கார்ந்ததுபோல இருந்தது.

அப்புறம் மூச்சுகள் வந்தன. மண் காலம் காலமாக வழிமறித்துத் தின்றுவந்ததெல்லாம், இப்போது தின்ன ஆளில்லாமல், தரை வழியாக மேலே ஏறியது. மக்கிய மரத்தின் மூச்சும் மாட்டின் மூச்சும் கூரை இடுக்கு வழியாகக் கலைந்து போய்விட்டன. அவற்றுக்கு இங்கே யாரையும் தெரியாது. மனுஷர்களின் மூச்சு போகவில்லை. ராக்காயியின் அடுப்பங்கரையில் ஒரு காலை பீடி இருமல் கேட்டது. அவளுடைய புருஷன் செத்து வருஷம் பலவாயிற்று, ஆனாலும் கடைசியில் ஒரு கனைப்பு கனைக்கும் அந்த இருமலை அவளால் எப்படி மறக்க முடியும்? "வந்துட்டியா, உக்காரு" என்று சொல்லி அவள் ஒரு டம்ளர் தேத்தண்ணி ஊற்றி வைத்தாள். மேஸ்திரியின் வீட்டில் அவருடைய அம்மாவின் பெருமூச்சு, சாகும்வரை மருமகளைப் பார்த்து விட்ட அதே பெருமூச்சு, மறுபடியும் கேட்கத் தொடங்க, மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். லைன் அதற்கும் பழகிக்கொண்டது. யார் வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டார்கள், இன்னும் வராதவர்களுக்காகத் தரையில் காதை வைத்துக் காத்திருந்தார்கள்.

ஆனால் மூச்சு தனியாக நிற்க முடியாது, அதற்கு ஒரு நெஞ்சு வேண்டும். ராக்காயி தன் புருஷனின் இருமலை இரும ஆரம்பித்தாள். மேஸ்திரி கூட்டத்தில் பேசும்போது நடுநடுவே அம்மாவின் பெருமூச்சு அவர் வாயிலிருந்து வந்தது. பெரியவர்களின் நெஞ்சு விசாலமானது, ஒண்டுக் குடித்தனத்துக்கு இடம் இருந்தது, அவர்களுக்குப் பெரிய கஷ்டமில்லை.

பவளத்தின் வீட்டில் தூளிக்கு அடியில் அந்த மூச்சு வந்தது ஒரு முற்பகலில். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். மெல்லிய மூச்சு, விடும்போது கடைசியில் மூக்கில் சன்னமாக ஒரு விசில். சுகந்திக்குப் பிறந்ததிலிருந்தே அந்த விசில் உண்டு. டிஸ்பென்சரி நர்ஸ் சளி என்பாள், தருமராசு என் மக பாட்டுக்காரி என்பான். பவளத்தின் கையிலிருந்த சட்டி நழுவி அரிசியெல்லாம் தரையில் கொட்டியது. அவள் தரையில் குப்புறப் படுத்து, சிமெண்டில் கன்னத்தை வைத்து, வாய்விட்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாளா பயத்தில் அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும் அவளுக்குள் ஒன்றாகத்தான் இருந்தன.

அழுது முடித்து நிமிர்ந்தபோது விசில் தரையில் கேட்கவில்லை. தூளிக்குள் கேட்டது.

தர்ஷினி இரண்டு மூச்சு விட்டாள். ஒன்று உள்ளே போகும்போது இன்னொன்று வெளியே வந்தது, ஒன்று ஓய்கிற இடத்தில் இன்னொன்று பிடித்துக்கொண்டது, இடைவெளி என்பதே இல்லாமல் அந்தச் சின்ன நெஞ்சு துருத்திபோல அடித்துக்கொண்டது. முதலில் ஒன்றும் தவறாகத் தெரியவில்லை. பிறகு பால் குடிக்க முடியாமல் போயிற்று, மூச்சு நிற்கிற இடத்தில்தானே பிள்ளை விழுங்கவேண்டும். பிறகு நகம் நீலம் பாரித்தது. விலா எலும்பு தோலுக்கு மேலே எழுந்து எழுந்து அமுங்கியது. நர்ஸ் குழாயை வைத்துக் கேட்டாள்.

"மூச்சுக்கென்னா கொறைச்சல்? ரெண்டு புள்ளைக்குப் போதுற மூச்சு விடுது" என்றாள். "பாலை மட்டும் நல்லாக் குடு."

தருமராசு தூளியின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விசிலைக் கேட்டுக்கொண்டே இருந்தான். மூத்தவள் போனதிலிருந்து அவன் முகம் இப்படி இளகிப் பவளம் பார்த்ததில்லை.

"இருக்கட்டுமே புள்ள" என்றான். "ரெண்டும் நம்ம புள்ளைங்கதான. போகப் போகப் பழகிக்கும்."

"பெரியவங்களுக்குப் பழகும். இது நெஞ்சு எவ்ளோன்னு பாத்தீங்களா? என் உள்ளங்கை அகலம்."

"அவ எங்க போவா? இப்பதான வழி கண்டுபிடிச்சு வந்திருக்கா."

பவளத்துக்கு இப்போது முழுசாக விளங்கியிருந்தது. மண் பிள்ளையைத் தின்ன வரவில்லை. அடியிலிருந்து இந்த மூச்சு லைனை நோக்கி ஊர்ந்து வருவது தெரிந்து, அதை வழியிலேயே தின்றுவிட, முன்னால் வந்து காவல் உட்கார்ந்திருந்தது. தூளி போன இடத்துக்கெல்லாம் போனது அதற்காக. டீச்சர் சொன்னது அப்படியே நிஜம், அதற்கு வேறு எதுவும் தின்னத் தெரியாது. காவலை ஒரு பிடி யூரியாவால் எழுப்பித் துரத்தியது அவள்தான்.

பசி மறக்காத மண் இனி ஒரே இடத்தில்தான் இருந்தது, உரம் விழாத புதைகுழிக் கரையில். மறுநாள், எல்லாரும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனபிறகு, மத்தியானத்தில், மூடுபனி லைனை விழுங்கியிருந்த நேரத்தில், பவளம் பிள்ளையை, இருமலோடு வீட்டில் தங்கிவிட்ட ராக்காயியிடம் கொடுத்துவிட்டு அன்னக்கூடையோடு சதுப்புக்கு இறங்கினாள். மற்ற மேடுகளிலும் அதே மண்தான் இருந்தது. ஆனால் இன்னொருவருடைய செத்தவர்மேல் கை வைக்க அவளுக்கு என்ன உரிமை? சுகந்தியின் மேட்டில் மண்டியிட்டாள். கைக்கு அடியில் அந்த மண் பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. அவளுடைய மகளை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, மேலே வரவிடாமல் பிடித்துவைத்திருந்த மண். அந்த வழி அடைபட்டதால்தான் பிள்ளை பூமிக்கு அடியிலேயே தவழ்ந்து தாயின் வீட்டைத் தேடி வந்திருக்கிறது. பவளம் கூடை நிறைய அள்ளினாள். "என்ன மன்னிச்சுரு தாயி" என்று சொல்லிக் கூடையைத் தலையில் ஏற்றினாள்.

வீட்டில் தூளியை இறுக்கிக் கட்டி, பிள்ளையைத் திரும்ப வாங்கிவந்து போட்டு, கூடையை அதற்கு அடியில் கவிழ்த்தாள். கதவைச் சாத்தி அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள், யார் உள்ளே வந்துவிடுவார்கள் என்று பயந்தாளோ, தானே எழுந்து ஓடிவிடுவோம் என்று பயந்தாளோ. மண் ஈரமாயிற்று. கறுத்தது. தூளியின் துணி கீழ்நோக்கி இழுபட்டது. தூளிக்குள் இரண்டு மூச்சும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வேகம் எடுத்தன, விசில் உயர்ந்தது, பிள்ளை அழுதது, ஒரு வாயில் இரண்டு அழுகை. இத்தனை நாளும் ஒரே நெஞ்சில் கிடந்து, ஒன்றின் காற்றை இன்னொன்று இழுத்து, எது யாருடையது என்று அவை மறந்துவிட்டிருந்தன. அடியிலிருந்து வந்ததை மண் அறியும், ஆனால் மேலே வந்தபிறகு ஒட்டிக்கொண்டதைப் பிரித்தறியுமா? இந்தக் கேள்வி அந்தக் கணத்தில்தான் பவளத்துக்குத் தோன்றியது, எழுந்திருப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விசில் நின்றது. அழுகை நின்றது. மண் தின்று முடித்து அடங்கியது.

வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. பவளம் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தூளிக்குள் ஒரு மூச்சு. நிதானமாக ஒன்று உள்ளே போய், ஓய்ந்து, வெளியே வந்தது. அவள் தவழ்ந்துபோய்த் துணியை விலக்கினாள். பிள்ளை கண் திறந்து அவளைப் பார்த்தது. நகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. மார்பில் வைத்தவுடன் ஆவேசமாகக் குடித்தது, நெடுநாள் பட்டினி கிடந்த பிள்ளை குடிப்பதுபோல. தர்ஷினியும் சில நாளாகப் பட்டினிதான். சுகந்தி இரண்டு வருஷமாகப் பட்டினி.

பொழுது சாய்ந்து வந்த தருமராசு கூடையையும் மண்ணையும் பார்த்தான். முகம் கழுவிவிட்டு வந்து பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தான். "பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பாரேன் புள்ள, திரும்புதான்னு பாப்போம்" என்றான்.

"நீங்க கூப்பிடுங்க."

அவன் வாயைத் திறந்தான். எந்தப் பெயரைச் சொல்வது என்று யோசித்தான்போல. வாயை மூடிக்கொண்டு வெளியே போய் நின்றான்.

அதன்பிறகு லைனில் சிலர் தங்கள் மேட்டிலிருந்து ஒரு பிடி மண்ணைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார்கள், ராக்காயி வேண்டாம் என்று சொல்லிப் புருஷனோடு இருமிக்கொண்டே இருந்தாள். மழைகள் யூரியாவைக் கழுவிப்போக, சதுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பசியை நினைவுபடுத்திக்கொண்டது. உறைபனி திரும்பி வந்தது, தொரை சிரிப்பதை நிறுத்தினார். பிள்ளை நடந்தது, பேசியது, பல் விழுந்து முளைத்தது, யாரிடமும் எந்த வம்பும் இல்லாத சமர்த்துப் பிள்ளை. வீட்டில் அதற்குப் பாப்பா என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பெயர் கேட்டபோது பவளம் புருஷனைப் பார்த்தாள், தருமராசு தர்ஷினியின் பிறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினான்.

இப்போதும் தினம் காலையில் பவளம்தான் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறாள், தலையைத் தடவி, டிபன் பெட்டியைக் கையில் கொடுத்து, கன்னத்தில் முத்தமும் கொடுத்துவிட்டு, டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்குவதற்கு முன்னால், கேட்டைத் தாண்டிச் சத்தம் எட்டாத தூரத்துக்கு ஓடிவந்துவிடுகிறாள்.